ஓட்டு விழாத பூத்

"பாத்தியா குஞ்சிதபாதம், ஒரு ஈ காக்கா நுழையல!"

பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த செபாஸ்டின், எதிரே தள்ளியிருந்த பள்ளிக்கூட வாசலைக் காட்டிச் சிரித்தார். சட்டமன்றத் தேர்தல் நாள். மணி பத்தைத் தாண்டியும் வாக்குச்சாவடி வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஒருவர்தான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

நெய்வேலி நகரியத்தின் கடைசி பிளாக்கைத் தாண்டினால் அந்தோணியார் நகர். மெயின் ரோட்டிலிருந்து அங்கே வரும் மண்பாதைக்குத் தார் போடுவதாக எல்லாக் கட்சிக்காரர்களும் வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள்; தார்தான் வரவில்லை. மழை பெய்தால் ஷிப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். 'ரோடு இல்லையேல் ஓட்டு இல்லை' என்று பேனர் கட்டிவிட்டார் செபாஸ்டின். ஒரு ஓட்டுகூட விழாது என்று பத்திரிகைக்காரர்களிடம் அடித்துச் சொல்லிவிட்டார்.

அவர் பேச்சை அங்கே யாரும் தட்டமாட்டார்கள். யார் வீட்டில் பிரசவ வலி என்றாலும் ஆட்டோ பிடித்துக்கொண்டு வருகிறவர் அவர். யாருக்கு வேலையில் சிக்கல் என்றாலும் யூனியன் ஆபீஸ் வரை கூடவே நடக்கிறவரும் அவர்தான். அதனால்தான் ஊரே திரண்டு வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தது.

மனதின் ஒரு மூலையில் அவருக்குச் சின்ன ஏக்கமும் இருந்தது. வாக்குச்சீட்டு போய், இந்தத் தடவைதான் மெஷின் வந்திருக்கிறது. பொத்தானை அமுக்கினால் போதும், சிவப்பு லைட் எரியும் என்று டிவியில் காட்டியிருந்தார்கள். ஒரே ஒரு தடவை அமுக்கிப் பார்க்க அவருக்கும் ஆசைதான். ஆனால், போராட்டத்துக்குத் தலைவன் அப்படி ஆசைப்படலாமா?

"அண்ணே, தோப்புப் பக்கம் ஒதுங்கிட்டு வந்துடறேன்." மருதமுத்து எழுந்தார்.

"நீயுமா? இப்பத்தானய்யா ஒரு கூட்டம் போச்சு."

"செல்லக்கிளி மோர்ல உப்பைத் தூக்கலா போட்டுடுச்சிண்ணே. தாகம் அடங்காம குடிச்சிக்கினே கெடக்கறோம். என்னா பண்றது?"

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் முந்திரித்தோப்பு. காலையிலிருந்தே ஆண்கள் ஒதுங்கப் போவதும் பெண்கள் சுள்ளி பொறுக்கப் போவதுமாக இருந்தார்கள். திரும்பி வந்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடக்கமாக நின்றார்கள். போராட்டம் என்றால் இப்படியல்லவா கட்டுப்பாடு வேண்டும் என்று செபாஸ்டின் பூரித்துப்போனார்.

காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது, பள்ளிக்கூடத்துக்குள்ளிருந்து 'கீய்ங்' என்று ஒரு சத்தம் வந்தது. சற்று நேரத்தில் மறுபடியும்.

"அது என்னா சத்தம்?"

"மெஷினை டெஸ்ட் பண்றாங்க போலண்ணே," என்றார் குஞ்சிதபாதம். "உள்ள உக்காந்துகினு இருக்கறவங்களுக்கும் பொழுது போவணுமில்ல?"

செபாஸ்டினுக்குப் பாவமாகிவிட்டது. "அவங்க மேல நமக்கென்னா கோவம்? செல்லக்கிளி, ஆளுக்கொரு டம்ளர் மோர் குடுத்துட்டு வா."

செல்லக்கிளி மோர்ப்பானையோடு போனாள். மோர் ஊற்ற இவ்வளவு நேரமா என்று அவர் நினைக்கும் அளவுக்குத் தாமதித்து, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தாள்.

வெயில் தாழ்ந்த பிறகு, தாசில்தாரின் ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குள் போனது. என்ன கேட்டால் என்ன சொல்வது என்று செபாஸ்டின் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

வெளியே வந்த தாசில்தார் விறுவிறுவென்று பந்தலுக்கு வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "போராட்டம்னதும் பயந்துகிட்டே வந்தேன் செபாஸ்டின். ஆளை அசத்திட்டீங்க! என் சர்வீஸ்ல இப்படி ஒரு பூத்தைப் பார்த்ததில்ல. ஊர்ல இத்தனை பேரை எப்படி ஒத்துமையா நிக்க வச்சீங்க?"

"எல்லாம் கட்டுப்பாடுதாங்க சார்." செபாஸ்டின் பந்தலைப் பெருமையாகப் பார்த்தார்.

"ரோட்டு விஷயத்தை நானே கலெக்டர்கிட்ட பேசறேன். இந்த ஜனங்களுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யறது?"

ஜீப் கிளம்பியதும் பந்தலில் கைதட்டல் எழுந்தது. குஞ்சிதபாதம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். ஆனந்தத்தில் அழுகிறார் என்று நினைத்து, செபாஸ்டின் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"ஜெயிச்சிட்டோம்யா!"

அப்போது முந்திரித்தோப்புப் பக்கமிருந்து அவருடைய மனைவி சவரியம்மாள், கோயிலுக்குக் கட்டுகிற பட்டுச் சேலையில் வேகவேகமாக வந்தாள்.

"எங்க போயிட்ட நீ? தாசில்தாரே தேடி வந்து கை குடுத்துட்டுப் போறாரு!"

சவரியம்மாள் கூட்டத்தைப் பார்த்தாள். மொத்தக் கூட்டமும் தலையைக் குனிந்துகொண்டது.

"அது கெடக்கட்டும், சீக்கிரம் எழுந்திரிங்க. பூத்தை மூடப் போறாங்களாம்... ஊர்ல உங்க ஒரு ஓட்டுதான் பாக்கி!"