ஆறாவது ரகம்

1983 சம்பாவில் எங்கள் வேளாண் அலுவலகத்திலிருந்து சுரக்குடி விவசாயி இஞ்ஞாசியின் வயலில், வரிசைக்கு ஐந்து பாத்தியாக, ஐந்து நெல் ரகங்களைச் சோதனைக்கு நட்டோம். அறுத்த எடைகளை உதவியாளர் அமலராணி எழுதி, சென்னைக் கம்ப்யூட்டர் மையத்துக்குத் தபாலில் அனுப்பினார். அங்கே ஒவ்வொரு ரகத்தையும் மற்றவற்றோடு ஒப்பிடுவார்கள். விளைச்சலில் வித்தியாசம் இல்லாத ரகங்களுக்குத் தாளில் ஒரே எழுத்து விழும்.

வந்த தாளில் ஆறு ரகங்கள் இருந்தன. ஆறாவதற்குப் பெயர் இல்லை, விளைச்சல் பூஜ்யம். ஆறுக்கும் ஒரே எழுத்து.

"அஞ்சுதான் சார் எழுதுனேன். ரெண்டு தடவ சரிபாத்தேன்" என்றார் அமலராணி.

திரும்ப அனுப்பினோம். அதே தாள் வந்தது. கடைசி வரியை நான் பேனாவால் அடித்தேன். அதிகம் விளைந்த ரகத்தின் விதையை அம்பகரத்தூர் வரை விவசாயிகளுக்குக் கொடுத்தோம்.

மறு சம்பாவில் அதே வயலில் அதே ஐந்தையும் நட்டோம். தை பிறக்கும் முன் இஞ்ஞாசி அலுவலகத்துக்கு வந்தார்.

"நடுவுல வரிசைக்கு ஒரு பாத்திய ஏன் சார் சும்மா போட்டுட்டீங்க?"

போய் எண்ணினேன். வரிசைக்கு ஆறு பாத்திகள் இருந்தன. ஒன்றில் மட்டும் வெறும் மண். அதன் வரப்பில் பல வருடத்துப் புல் மண்டியிருந்தது.

அறுப்பன்று இஞ்ஞாசி இடுப்பிலிருந்து அரிவாளை எடுக்கவே இல்லை. ஆறு பாத்தியிலும் வெறும் மண்தான் இருந்தது. அவற்றில் முதலில் காலியாக இருந்த பாத்தி எது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.