ஆரைக் கேட்டுக் கழட்டினீர்?

"இதிலை கைவைக்கச் சொல்லி உமக்கு ஆர் சொன்னது, மிதுஷன்?"

கமலநாயகி போட்ட சத்தத்தில், காருக்கு அடியில் கிடந்த மிதுஷன் பதறிக்கொண்டு வெளியே வந்தான். ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் கராஜ் தொடங்கிய இந்தப் பத்து வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் அவனை இப்படி அதட்டியதில்லை.

வேகத்துக்குப் பேர்போன பழைய அமெரிக்க மசில் கார் ஒன்று பானட்டைத் திறந்தபடி நின்றது. அதன் எட்டு சிலிண்டர் எஞ்சினில் இருந்து கழற்றிய சாமான்கள் பக்கத்து மேசையில் கிடந்தன. பளபளக்கும் புகைக்குழாய்கள், அகலமான எயார் பில்டர், பெரிய காபரேட்டர்.

"அக்கா, அண்ணைதான் கொண்டுவந்து விட்டவர். பிறகு பூட்டினதுகளைக் கழட்டி, பழையபடி கம்பனிச் சாமானைப் போட்டுவிடச் சொன்னவர். இஞ்சை பாருங்கோ, கையெழுத்தும் வைச்சிருக்கிறார்."

அண்ணை என்று அவன் சொன்னது கமலநாயகியின் கணவர் சிறீதரனை. பழைய கார் பிரியர்களின் கிளப்பில் அவர்தான் கதாநாயகன். கூட்டம் நடக்கும் நாளெல்லாம் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் விளக்கம் சொல்ல, ஜெர்மன்காரர் சுற்றி நின்று கேட்பார்கள். கமலநாயகி பக்கத்தில் மடக்குக் கதிரையில் இருந்து பிளாஸ்கில் தேநீர் ஊற்றிக் கொடுப்பாள். காரைப் பற்றி அவள் வாய் திறந்து மிதுஷன் கேட்டதே இல்லை.

"ஏனாம் கழட்டினது?"

"ஒறிஜினலா இருந்தாத்தான் பழைய காருக்கு மதிப்பு எண்டார். சாமானுகளை வித்துவிடவும் சொன்னவர். மூண்டு மணிக்கு எஸன் நகரத்திலையிருந்து ஒராள் வாங்க வருது."

"விக்கிறதோ?" அவள் மேசையில் கிடந்த புகைக்குழாய் ஒன்றைக் கையில் எடுத்தாள். "ஏழு வருசம், தம்பி! ஒவ்வொரு சனிக்கிழமையும்! ஒரு இடம் வெட்டேல்லை, ஒரு இடம் ஒட்டேல்லை. எல்லாம் போல்ட்டாலை பூட்டினது. ஒவ்வொண்டையும் பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டி, கார்ப் புத்தகத்திலை பதிஞ்சு எடுத்தது. புகைக்குழாய்க்குப் பரிசோதனைக்காரர் ரெண்டு தரம் திருப்பி அனுப்பினவை, மூண்டாம் தரமும் போனது. அதெல்லாம் குப்பையோ?"

மிதுஷனுக்கு இரக்கமாக இருந்தது. கணவன் பட்ட பாட்டை நினைத்து மனிசி துடிக்கிறாள்.

"கோவிக்காதேங்கோ அக்கா. அண்ணையின்ரை வேலையிலை ஒரு குறை சொல்ல ஏலாது. ஒரு மரைகூடப் பழுதாகேல்லை. அந்தக் கடைசிப் போல்ட்தான் என்ரை உயிரை வாங்கிப்போட்டுது. ஸ்டியரிங் தண்டுக்குப் பின்னாலை, கையே போகாத இடம். ஒரு மணித்தியாலம் மினக்கெட்டனான்."

"மேலாலை போனா அப்பிடித்தான். முன் சில்லைக் கழட்டிப்போட்டு, பக்கவாட்டாலை குட்டை ஸ்பானரை விட்டுக் கொஞ்சங் கொஞ்சமாத் திருகவேணும்," என்று சீறினாள் அவள்.

மிதுஷன் சிரித்துவிட்டான். அண்ணை வீட்டிலும் இதையே பேசிக்கொண்டு திரிவார் போல.

"கேக்கச் சுகம் அக்கா, செய்து பாத்தாத்தான் கரைச்சல் தெரியும். நீங்கள் ஏன் இதுக்கை தலையைப் போடுறியள்? அவர் பாடுபட்டுப் பூட்டினது, அவரே கழட்டச் சொல்லுறார்."

அவள் அவனை முறைத்துப் பார்த்தாள். கைப்பையில் இருந்து போனை எடுத்தாள். "கராஜுக்கு வாங்கோ. இப்பவே," என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

இருபது நிமிடத்தில் சிறீதரன் வந்தார். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் வாசலோடு நின்றார்.

"வீட்டை போய்க் கதைப்பம், கமலா."

"இஞ்சையே கதைப்பம். ஏன் கழட்டினனியள்?"

"ஒறிஜினலா இருந்தா..."

"எனக்கும் அந்தக் கதையோ? என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனியளோ?"

மிதுஷனுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, அக்கா கோவிக்கிறதிலை ஞாயம் இருக்கு. இப்பிடி வேலையை ஆரும் விப்பினமோ? அதோடை, அடுத்த மாசக் கூட்டத்திலை நீங்கள் எல்லாருக்கும் முன்னாலை புகைக்குழாய் பூட்டிக் காட்டப்போறியள் எண்டு கிளப் தலைவி பிளோறன்ஸ் நோட்டீசும் அடிச்சிட்டா. சாமானை வித்துப்போட்டு எதைப் பூட்டிக் காட்டுவியள்?"

கமலநாயகி மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

"ஓகோ. பூட்டிக் காட்டப்போறியளோ?"

"நான் வேண்டாம் எண்டுதான் சொன்னனான். கிளப்காரர் விடேல்லை..."

"எஸன்காரனை நான் வரவேண்டாம் எண்டு சொல்லுறன்," என்றான் மிதுஷன். அக்கா சொன்னபடியே முன் சக்கரத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஸ்பானரை சிறீதரனிடம் நீட்டினான். "இந்தாங்கோ அண்ணை, உங்கடை கையாலையே திருப்பிப் பூட்டுங்கோ. நானும் பாத்துப் பழகிறன்."

நீட்டிய ஸ்பானர் நீட்டியபடியே இருந்தது. சிறீதரனின் கை காற்சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை.

கமலநாயகி கைப்பையைக் கதிரையில் வைத்தாள். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, மிதுஷனின் கையில் இருந்த ஸ்பானரை வாங்கிக்கொண்டாள். கொக்கியில் தொங்கிய விளக்கை எடுத்துக் கணவரின் கையில் திணித்தாள்.

"நீங்கள் வழமைபோல லைற்றைப் பிடியுங்கோ," என்றபடி காருக்கு அடியில் சறுக்கிப் போனாள். "அடுத்த மாசம் அங்கையும் அதுதான் உங்களுக்கு வேலை."