பூஞ்சணம் பிடித்த பாண்

பிறர் முகம் பார்த்துப் பேச அஞ்சும் சுஜிக்கு, ஆஸ்பத்திரியின் உளநல வகுப்பில் அந்த வாரம் கிடைத்த பயிற்சி இது: பழுதான பொருளொன்றைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும், அழக் கூடாது.

பூஞ்சணம் பிடித்த பாண் வாய்த்ததோ சுஹைரின் பேக்கரிக் கடையில். பாலாவிச் சந்தியில் அவர் வாய்க்குப் பயந்து லொறிக்காரர்களே ஒதுங்கிப் போவார்கள்.

"நாநா, இந்தப் பாண்ல பூஞ்சணம். மாத்தித் தாங்க."

"என்ட கடைப் பாண்லயா?" சுஹைரின் கண்கள் சிவந்தன. "என்ன கதை கதைக்கிறீங்க புள்ள?"

சுஜி, வகுப்பில் மிஸ் சொல்லித் தந்தபடி வயிற்றில் கையை வைத்து, மூச்சை மெல்ல இழுத்து விட்டாள்.

"ஓம் நாநா. இந்தாங்க, பாருங்க."

மேசையைக் குத்துவதற்கென்று சுஹைர் கையை ஓங்கினார். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பின்னர் மெல்ல இறங்கி அவருடைய வயிற்றில் அமர்ந்தது. கண்களை மூடி, மூச்சை மெல்ல இழுத்து விட்டார்.

சுஜி திகைத்தாள். "நாநா, நீங்களுமா?"

"கோவக்காரருக்கு வியாழக்கிழமை வகுப்பு" என்றவர், புதுப் பாணொன்றை நீட்டியபடி குரலைத் தாழ்த்தினார். "மிஸ்ட்ட சொல்லுங்க, நான் ஏசல்ல எண்டு."

"சொல்றன் நாநா. நான் அழேல்ல எண்டு நீங்களும் சொல்லுங்க" என்றாள் சுஜி, அவர் முகத்தைப் பார்த்தே.