காலியாக விட முடியாத கட்டம்

"எடு செல்வராணி, எடு."

செல்போனைக் காதில் அழுத்திக்கொண்டே, மறு கையால் யுவஸ்ரீயை நாற்காலியிலிருந்து எழுப்பி நகர்த்தினாள் அன்புக்கரசி.

மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டாள்.

"நான் இன்னாக்கா தப்பு பண்ணேன்?" யுவஸ்ரீக்கு முகம் வெளுத்துவிட்டது. பூவராகவன் ஹோம் நீட்ஸில் பில் போட உட்கார்ந்து ஒரு வாரம்கூட ஆகாத பெண். "அவரு நம்பர் சொன்னாரு. பாயிண்ட் எவ்ளோ இருக்குதுன்னு கேட்டாரு. போன மாசமே செல்வராணிங்கிற பேர்ல ஸ்டவ்வுக்குக் கழிச்சிட்டீங்க, அட்ரஸும் மாத்தியிருக்கீங்க சார்னேன். படிங்கன்னாரு. படிச்சேன்."

"முழுசாவா?"

"கஸ்டமர் வந்தா அட்ரஸ் சரிபாக்கணும்னு மொதலாளிதான சொன்னாரு."

சொல்லித்தான் இருந்தார். பூவராகவனுக்குக் கடையிலிருக்கும் சரக்கைவிடக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஆட்கள் பெரிது. சரக்கு போனால் திண்டிவனத்தில் வாங்கிக்கொள்ளலாம், கஸ்டமர் விவரம் போனால் எவன் தருவான் என்பார். போன் நம்பரைத் தட்டினால் போதும். யார், எந்தத் தெரு, கல்யாணத்துக்கு என்ன வாங்கினார்கள், எல்லாம் திரையில் வந்து நிற்கும்.

எவன் கேட்டாலும் வந்து நிற்கும்.

"அவன் வேற இன்னா வாங்குனான்?"

"ஒரே ஒரு கேஸ் லைட்டர்தான்க்கா. வண்டியில ஒரு கேன் மாட்டியிருந்தாரு. அத போட்டுக்கப் பெரிய பையா கேட்டாரு. நம்ம கடைப் பையே ஒண்ணு குடுத்தேன்."



போன மாதம் செல்வராணி வந்தபோது, அந்தப் புழுக்கத்திலும் முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். அடுப்பைத் தூக்கிப் பார்க்கும்போது ரவிக்கையின் கை மேலே ஏறியது. முழங்கை வரைக்கும் தீக்காயம்.

கல்யாணச் சாமான் எல்லாம் இங்கே வாங்கியதுதான். அதில் சேர்ந்திருந்த பாயிண்டில் ஒற்றை அடுப்பு கேட்டாள்.

"பழைய அட்ரஸ எடுத்துடுக்கா. ஆஃபர் நோட்டீஸ் கீட்டீஸ் அங்க போச்சுன்னா நான் இந்தப் பக்கம் வந்தது அவனுக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா மிச்சத்தயும் கொளுத்திடுவான்."

புது நம்பரை மட்டும் தானே அன்புக்கரசியின் செல்லில் ஏற்றிக் கொடுத்தாள். கம்ப்யூட்டரில் போடாதே என்றாள். அன்புக்கரசி போடவில்லை.

"போயி எவ்ளோ நேரம் ஆச்சு?"

"நீங்க மெடிக்கலுக்குப் போன ஒடனேயே."

மெடிக்கலில் கூட்டம். மகளுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். மாத்திரையை வாங்கி, கடையில் டெலிவரி பார்க்கும் தாண்டவராயனிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லியிருந்தாள். நம்ம கடைப் பையோட ஒரு மாமா வருவாரு, அவருக்கு மட்டும் கதவைத் திற, வேற யாருக்கும் திறக்காதே.

அந்த நேரத்துக்குள் எல்லாம் முடிந்திருக்கிறது.

மூன்றாவது தடவை போட்டாள். எடுத்தாள்.

"இன்னாக்கா?" பின்னால் ஆடு கத்திக்கொண்டிருந்தது.

"செல்வராணி, எங்க இருக்கியோ அங்கேருந்து கெளம்பு. துணிமணி எடுக்காத, கதவக்கூடப் பூட்டாத. ஒம் புருஷன் கடைக்கு வந்துட்டுப் போயிருக்கான். அட்ரஸ வாங்கிட்டான்."

 

"எந்த அட்ரஸு?"

"கம்ப்யூட்டர்ல இருக்குறது."

"நான் எங்க குடுத்தேன்?"

அன்புக்கரசி திரையை நோக்கித் திரும்பினாள்.

"சீயமங்கலத்துல இருக்கேன்னு ஒங்கிட்டகூட அன்னிக்கிச் சொல்லலியேக்கா. அந்த எடத்தக் காலியா வுட்டா பில்லு வரமாட்டேங்குதுன்னு நீதான பொலம்புன. தீபாவளிக் கூட்டம், பின்னாடி இருந்தவங்கல்லாம் கத்துறாங்க. நீயே எதையோ டப்பு டப்புன்னு தட்டிவுட்டியே."

திரையில் அந்தப் பக்கம் இன்னும் திறந்தே இருந்தது.

முகவரிக்குப் பக்கத்தில் சின்னதாகச் சிவப்பு நட்சத்திரம். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் பில் நகராது. பூவராகவன் அந்த பில் சாஃப்ட்வேரை அப்படித்தான் செய்யச் சொல்லி வாங்கியிருந்தார். கூட்டம் நெருக்கும்போது விரல் யோசிப்பதில்லை. பழகியதை அடித்துவிடுகிறது.

சிங்கவரம் ரோடு. அரிசி மில் பின்சந்து. பச்சை கேட் வீடு.

அன்புக்கரசியின் வீடு.

"அக்கா? அக்கா, லைன்ல இருக்கியா?"

அன்புக்கரசி வாசலைப் பார்த்தாள். தாண்டவராயன் இன்னும் கிளம்பவில்லை. கிரைண்டரை வண்டியில் ஏற்றிக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஹேண்டிலில் மாத்திரைப் பை ஆடிக்கொண்டிருந்தது.

காதோரம் செல் அதிர்ந்தது. இன்னொரு அழைப்பு. வீட்டிலிருந்து.

"அம்மா, கடைப் பையோட மாமா வந்துட்டாரு. தொறந்து வுட்டேன்." காய்ச்சலில் கரகரத்த குரல். "மாத்திரை கேட்டா குடுக்க மாட்டேங்குறாரு. ஒவ்வொரு ரூமா போயிப் பாக்குறாரு."

பின்னால் ஏதோ கதவு படாரென்று திறந்தது.

மகள் குரலைத் தாழ்த்தினாள்.

"யாரும்மா செல்வராணி?"