நல்லம்மாளின் நாக்கு

சிம்பாங் அம்பாட் பழச்சாறு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் ஆய்வாளர் காமினி ஆப்பிள் சாறு ஊற்றிய இரண்டு குவளைகளை நீட்டினாள்.

“என்ன பாத்துச் சொல்லணும் தங்கச்சி?” என்றாள் நல்லம்மாள். பதினெட்டு வருடங்களாக அழுகிய ஆப்பிள்களைப் பொறுக்கி எறிபவள்.

“புது வடிகட்டி போட்டிருக்கோம்க்கா, பூஞ்சை விஷத்தை எடுக்க. விஷம் போயிடுச்சுன்னு லேப்ல பாத்தாச்சு. ருசி, வாசம் மாறியிருக்கான்னு நீங்கதான் சொல்லணும்.”

நல்லம்மாள் முகர்ந்தாள். ஒன்றைக் குடித்து, வாய் கொப்பளித்து, மற்றதைக் குடித்தாள்.

“ரெண்டும் ஒண்ணுதான்லா.”

“நல்லா பாருங்கக்கா. சின்னதா ஏதாச்சும் வாடை?”

“ஏன் பயப்படுற? நல்லாத்தான் செஞ்சிருக்க.” படிவத்தில் கையெழுத்திட்டாள். “இன்னிக்கு வீட்டுக்குப் போற ஃபெரியில எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன், படிச்ச புள்ளைங்க என் நாக்கைத்தான் நம்புறாங்கன்னு.”

காமினி நிமிர்ந்து பார்க்கவில்லை.

நல்லம்மாள் போனதும் மேலாளர் புவனேஸ்வரன் படிவத்தை எடுத்துப் பார்த்தார்.

“இதுல எது பொறுக்காத பழம்?”

“இடது குவளை சார். அழுகலோட அப்படியே பிழிஞ்சு வடிகட்டினது.”

“அந்தம்மாவுக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியப் போகுது? பொறுக்குற மேசையை இந்த மாசத்தோட எடுத்திடலாம். அந்தம்மாவையும் சேத்து ஆறு பேருக்கும் வேலைநீக்க லெட்டர் ரெடி பண்ணச் சொல்றேன்.”

கதவு மெல்லத் திறந்தது. நல்லம்மாள் தலையை மட்டும் நீட்டினாள்.

“தங்கச்சி, அடுத்த தடவையும் என்னையே கூப்பிடு, என்ன?”

“சரிக்கா” என்றாள் காமினி, படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு.