கௌரவத் தலைவர்

எங்கள் கண்ணாடித் தொழிலாளர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சிறையிலிருக்கும் அல்லது இறந்துபோன தோழர் ஒருவரைக் கூட்டத்தின் கௌரவத் தலைவராகத் தேர்ந்தெடுப்போம். மேடை நடுவே அவருக்கென்று காலி நாற்காலி போட்டு, அதில் ஆளுக்கொரு சிவப்புக் காட்டுரோஜா வைப்போம்.

அந்த 1914 ஜூலையில் போர் வாசலுக்கே வந்துவிட்டிருந்தது. அதற்கு எதிராகப் பேச எங்கள் எம்.பி. ஆன்செல்ம் விடலாங்க் பாரிஸிலிருந்து வருவதாக இருந்தது. ரயில் தாமதம். பதற்றத்தில் செயலாளர் ஃபுல்க்ரான், கௌரவத் தலைவர் பெயருக்குப் பதிலாகப் பேச்சாளர் பெயரைச் சொல்லிவிட்டான். நாங்களும் யோசிக்காமல் கை தூக்கினோம்.

அப்போதுதான் விடலாங்க் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார்.

"என்னய்யா ஃபுல்க்ரான், அதுக்குள்ள என்னைப் பொதைச்சிட்டியா?"

"கை தூக்கியாச்சு தோழரே. சங்க முடிவு. உக்காருங்க."

அரங்கமே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். வரிசையாகப் போய் அவர் மடியில் பூ வைத்தோம். நான் வைக்கும்போது என் பெயரைச் சொல்லி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஓடில், எந்திரிக்க முடியலம்மா. நான் பேசணும்."

"பேசுவீங்க, இருங்க" என்றேன்.

அதன்பின் மேடையேறிய எல்லோரும், "நம்மிடையே இல்லாத விடலாங்க்" என்றுதான் தொடங்கினார்கள். அவர் வாய் திறந்து திறந்து மூடியது. ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியில் ஃபுல்க்ரான் எழுந்தான். "அடுத்த கூட்டத்துக்கும் இவரே தலைவர். வேணாங்கிறவங்க கை தூக்குங்க."

விடலாங்க் இரண்டு கைகளையும் தூக்கினார். மடியிலிருந்து பூக்கள் உதிர்ந்தன.

ஃபுல்க்ரான் மேடையிலிருந்து வாசல்வரை நிதானமாகப் பார்த்தான்.

"யாருமில்ல. ஏகமனது" என்று மணியடித்தான்.