நடுக் கதவின் தாழ்ப்பாள்

“இன்னிக்கே லெட்டர் கிடைச்சுடுமாம்மா? திங்கட்கிழமை காலைல அது என் கையில இருக்கணும்.”

ரத்னவேல் மூன்றாவது முறையாகக் கேட்டார். கையிலிருந்த பேனாவை டக் டக்கென்று அழுத்திக்கொண்டே இருந்தார். சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் முப்பது வருடமாக ஹார்டுவேர் கடை நடத்துபவர். வாடிக்கையாளர்களைக் காக்க வைத்தே பழகிய மனிதருக்கு, தான் காத்திருக்க வேண்டி வந்ததும் பொறுமை போன இடம் தெரியவில்லை.

“அப்ளிகேஷனை நாலு மணிக்குள்ள மேல அனுப்பிட்டா கிடைச்சுடும் சார்,” என்றாள் வங்கியின் வீட்டுக்கடன் அதிகாரி ரக்ஷனா. மணி மூன்றரை.

செம்பவாங்கில் இருக்கும் ரத்னவேலின் பழைய தரைவீட்டை இடித்துவிட்டு, அதே மனையில் புது வீடு. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரஸ்வதியின் பங்காக, ஈசூனில் இருந்த வீட்டை விற்ற பணம். மீதிக்கு இருவர் பெயரிலும் கடன். அஸ்திவாரம் எழுந்தால் ஒரு தவணை, கூரை வந்தால் ஒரு தவணை என்று வங்கி விளக்கியதெல்லாம் ரத்னவேலின் காதில் ஏறவே இல்லை. அவருக்கு வேண்டியது, கடன் உண்டு என்று சொல்லும் ஒரு கடிதம்.

“மேடம், ஒரு சிக்கல்,” என்று ரக்ஷனா வீட்டின் வரைபடத்தை விரித்தாள். “ரெண்டு வாசல், ரெண்டு கிச்சன் இருக்கு. எங்க ஆளுங்க இதை ரெண்டு வீடுன்னு சொல்றாங்க. அப்படின்னா லோன் கிடைக்காது.”

“ஒரே வீடுதாம்மா. நடுவுல கதவு இருக்கு பாருங்க,” என்றார் சரஸ்வதி.

“அதுலயும் தாழ்ப்பாள் இருக்கே. அதை எடுத்துட்டா ஈசியா ஓகே ஆயிடும்.”

“எடுத்துடுங்க!” என்றார் ரத்னவேல்.

“எடுக்கக் கூடாது!” சரஸ்வதி எழுந்தே விட்டார். “தாழ்ப்பாள் இல்லன்னா ஒரு வாரம்கூடத் தாங்காது. எல்லாம் பேசித்தானே முடிவு பண்ணோம்? நீங்க பாட்டுக்கு இப்ப மாத்துறீங்க?”

“லோனே இல்லன்னா கதவை எங்க லா வைக்கிறது? நீங்களே சொல்லுங்க.”

ரக்ஷனா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இவ்வளவு சண்டையிலும் ‘நீங்க’ என்றே பேசுகிறாரே மனிதர்! அவள் கணவன் ஜெய், உப்பு கேட்டாலே ‘அடியே’ என்றுதான் ஆரம்பிப்பான்.

ரத்னவேலின் கைப்பேசி ஒலித்தது. திரையில் ‘மகன்’ என்று வந்ததைப் பார்த்துவிட்டுத் துண்டித்தார். அடுத்த நிமிடம் சரஸ்வதியின் கைப்பேசியில் ‘மகள்’. அவரும் துண்டித்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சரி, தாழ்ப்பாள் இருக்கட்டும். ஒரே குடும்பம்தான்னு நான் குறிப்பு எழுதிப் பார்க்கிறேன்,” என்றாள் ரக்ஷனா. “ஆனா பிளான்ல ஒரு தப்பு இருக்கு. தாழ்ப்பாள் தரையிலேருந்து எழுபது சென்டிமீட்டர்னு போட்டிருக்கு. குனிஞ்சுதான் திறக்கணும். மேல ஏத்தச் சொல்லவா?”

“தப்பில்ல!” என்றார்கள் இருவரும். வந்ததிலிருந்து அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

மணி மூன்று ஐம்பது. ரக்ஷனா அவசர அவசரமாகக் குறிப்பை எழுதினாள். ‘உறவு’ என்ற கட்டத்தில் தானாகவே ‘ஸ்பவுஸ்’ என்று போட்டுத் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

“ஐயையோ! என்னம்மா இது? இவர் என் சம்பந்தி!” சரஸ்வதி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். ரத்னவேலின் பேனா கீழே விழுந்தது.

ரக்ஷனாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பட்டியலில் தேடினாள். அப்பா அம்மாவுக்கு இடம் இருந்தது, அண்ணன் தம்பிக்கு இருந்தது. சம்பந்திக்கு இங்கிலீஷில் வார்த்தையே இல்லை. ‘மற்றவை’ என்று மாற்றினாள்.

“ஸாரி மேடம்! சம்பந்திங்க சேர்ந்து வீடு கட்டி, மகன், மருமகளோட ஒண்ணா இருக்கப் போறீங்களா? குடுத்து வெச்சவங்க!”

ரத்னவேல் பேனாவை எடுக்கக் குனிந்தார். உடனே நிமிரவில்லை.

“என் பையன் இந்தப் பக்கம், அவங்க பொண்ணு அந்தப் பக்கம். டிவோர்ஸ் ஆயிடுச்சும்மா. குழந்தை யார்கிட்ட இருக்கணும்னு திங்கட்கிழமை கோர்ட்ல முடிவு. இந்த லெட்டரைக் காட்டி, ரெண்டு பேர்கிட்டயும் இருக்கட்டும்னு கேக்கப் போறோம்.”

சரஸ்வதி வரைபடத்தில் அந்த எழுபதின் மேல் விரலை வைத்தார்.

“பெரியவங்க யாரும் அந்தக் கதவைத் திறக்க வேணாம். எங்க வர்ஷாவுக்கு நாலு வயசு. அவளுக்கு எட்டினா போதும்.”